கீசர் டேங்கை அறுத்துப் பாத்தப்போ: கண்ணாடிப் பூச்சு, ஸ்டெயின்லெஸ், தேஞ்சுபோன ஆனோடு ராடு

கீசர் அடியில தண்ணி சொட்டுதுன்னா உடனே டேங்க் ஓட்டைன்னு முடிவு கட்டிடாதீங்க, சொட்டுற தண்ணி எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாக்கணும். சேஃப்டி வால்வு வழியா சொட்டினா அது பெரும்பாலும் நியாயமான சொட்டு, ஏன்னா தண்ணி 25 டிகிரில இருந்து 65 டிகிரிக்குப் போறப்போ கிட்டத்தட்ட 1.7 சதவீதம் விரியும், 25 லிட்டர் டேங்க்னா 400 மில்லிக்கு மேல, இன்லெட்ல ஒன்வே வால்வு இருந்தா அந்தத் தண்ணிக்கு வேற வழி கிடையாது. பிளேஞ்ச், அதாவது எலிமென்ட் மாட்டியிருக்கற மூடி, அதோட கேஸ்கெட் (ரப்பர் வளையம்) போயிருந்தா எலிமென்ட் டெர்மினல் பக்கம் ஈரம் தெரியும். தண்ணிக் குழாய் மாட்டற நிப்பிள்ல லீக்னா டிஷ்யூ பேப்பர் சுத்தி வச்சாலே காட்டிக் குடுத்துடும். இது எதுவுமே இல்லாம வெளி பாடியோட கீழ்ப் பொருத்துல பழுப்புக் கலர்ல ஊறி ஊறி வந்துச்சுன்னா, ஃபோம் வழியா இறங்கி வருதுன்னா, அப்பதான் டேங்க்.

அப்படி டேங்க் போன ரெண்டு கீசர் என்கிட்ட சேந்துச்சு. ஒண்ணு 25 லிட்டர், கண்ணாடி லைனிங். இன்னொண்ணு 15 லிட்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க். கூடவே இன்னும் நல்லா ஓடிட்டு இருக்கற ஒரு 25 லிட்டர் கண்ணாடி லைனிங் கீசருக்கு சர்வீஸ் பண்ண வேண்டி இருந்துச்சு. சரி, செத்த ரெண்டையும் அறுத்துப் பாத்துட்டு, அதுல தெரியறத வச்சு உயிரோட இருக்கறத பாத்துக்கலாம்னு உக்காந்தேன். கண்ணாடி லைனிங் நல்லதா ஸ்டீல் நல்லதான்னு எல்லாரும் கேக்கற கேள்விக்கும் இதுல கொஞ்சம் பதில் இருக்கு, ஆனா நான் பாத்த வரைக்கும் அந்தக் கேள்வியே பாதி தப்பு.

முதல்ல கண்ணாடி லைனிங் கீசர். வெளித் தகட கழட்டினா உள்ள மஞ்சளா, சூடு வெளிய போகாம தடுக்கற பியூ ஃபோம், கையால பிச்சா ஒரு பக்கம் காஞ்சு பொடியா உதிருது, இன்னொரு பக்கம் ஈரம் ஏறி கனமா கட்டியா வருது. இந்த ஈரப் பக்கம் முக்கியம், டேங்க்ல ஓட்டை எந்தப் பக்கம்னு ஃபோமே சொல்லிடும், அதனால பிச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒரு மார்க்கர்ல கோடு போட்டு வச்சுக்கிட்டேன். அப்புறம் கிரைண்டர். வெல்டிங் மேலயே அறுக்கக் கூடாது, பாக்க வேண்டிய இடமே அதுதான், அதனால நடு உடம்புல சுத்தி அறுத்தேன். கண்ணாடித் தூள் பறக்கும், சாதாரணத் துணி மாஸ்க் பத்தாது, தூள் வடிகட்டற மாஸ்க்கும் கண்ணுக்கு மூடின கண்ணாடியும் கட்டாயம்.

உள்ள பாத்தா நடுச் சுவர் முழுக்கக் கரு நீலம், பளபளன்னு, டார்ச் அடிச்சா முகம் தெரியுது. இத்தனை வருஷம் சுடுதண்ணில கிடந்த இரும்புன்னு சொன்னா நம்ப முடியாது. விரல் நகத்தால கீறினேன், அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் முனையால கீறினேன், ஒண்ணும் ஆகல. கிரைண்டர் போன ஓரத்துல மட்டும் சில்லு சில்லா தெறிச்சிருந்துச்சு, அங்க பக்கவாட்டுல பாத்தா பூச்சோட தடிமன் தெரியும், ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குகூட இருக்காது.

பழைய எனாமல் மக் கீழ விழுந்து சில்லு தெறிச்ச இடத்துல கருப்பா துரு புடிச்சு நிக்கும்ல, இதுவும் அதே டெக்னாலஜிதான். கண்ணாடித் தூள தண்ணில கரைச்சு டேங்க்குக்குள்ள பூசி, காயவச்சு, 800 டிகிரிக்கு மேல இருக்கற சூளைல சுட்டா அது உருகி இரும்போட ஒட்டிக்கும். சும்மா பெயின்ட் மாதிரி மேல உக்காராது, இரும்போட மேல்பரப்புல இருக்கற ஆக்சைடோட சேந்து பிடிச்சுக்கும், அந்தப் பிடிப்புக்காகத்தான் கோபால்ட், நிக்கல் ஆக்சைடெல்லாம் சேக்கறாங்க, கோபால்ட் இருக்கறதாலதான் நீலம். பெட்டி மேல வைரம், நீலக்கல்னு என்ன நகைக்கடைப் பேர் போட்டிருந்தாலும் அடிப்படையில அது சிலிக்கா கண்ணாடிதான், வித்தியாசம் கலவைல இருக்கு, ஜிர்கோனியம் சேத்தா காரத் தண்ணிய இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அந்த மாதிரி. ஏ. ஓ. ஸ்மித் கம்பெனி 1936ல கண்ணாடி பூசின ஹீட்டர் டேங்க்குக்கு பேட்டன்ட் வாங்கினதுல இருந்து விஷயம் பெருசா மாறல.

இதுல ஒரு புத்திசாலித்தனம் இருக்கு. சூடு பண்ணா இரும்பு கண்ணாடியைவிடக் கொஞ்சம் அதிகமா விரியும், ஆறும்போது கொஞ்சம் அதிகமா சுருங்கும். சூளைல இருந்து வெளிய வந்து ஆறும்போது இரும்பு அதிகமா சுருங்கறதால மேல ஒட்டியிருக்கற கண்ணாடி அமுக்கப்பட்ட நிலையிலேயே நிக்குது. கண்ணாடிய அமுக்கினா தாங்கும், இழுத்தாதான் விரிசல் விடும். அதனால தினமும் சூடாகி ஆறி, பிரஷர் ஏறி இறங்கி, டேங்க் லேசா உப்பி சுருங்கினாலும் பூச்சு தாங்குது. ஆனா வெளிய இருந்து ஒரு அடி வாங்கினா கதை வேற. அறுத்த பாதி டேங்க்கை வெளிப்பக்கமா சுத்தியலால ஒரே தட்டு தட்டிப் பாத்தேன், வெளிய சின்னப் பள்ளம்தான், உள்ள ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பொருக்கு உதிந்து வெள்ளி நிற இரும்பு தெரியுது. அதனாலதான் கீசர மாட்டும்போது கீழ போட்டாங்கன்னா, வெளித் தகடு ஒடுங்கலனாகூட, எனக்கு அந்த டேங்க் மேல நம்பிக்கை வராது.

சரி, நடுச் சுவர் புதுசு மாதிரி இருக்கு, அப்போ ஓட்டை எங்க? மார்க்கர் கோடு போட்ட பக்கம் கீழ் மூடி. மூடியும் உடம்பும் சேர்ற வெல்டிங் கோட்டு மேல மொச்சக்கொட்டை சைசுல ஒரு துருக் கட்டி உக்காந்திருந்துச்சு. மேல செம்பழுப்பு ஓடு, ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா ஓடு உடையுது, உள்ள கருப்பா ஈரமா மை மாதிரி பிசுபிசுப்பு, அதத் துடைச்சா கீழ ஒரு குழி, குழியோட நடுவுல குண்டூசி போற ஓட்டை. அந்தக் கட்டிக்கு ஒரு விரக்கடை தள்ளி பூச்சு பளபளன்னு அப்படியே இருக்கு. சுத்திப் பாத்தா இதே மாதிரி சின்னச் சின்னக் கட்டி இன்னும் சில இடத்துல, எல்லாமே ஒரே ரகமான இடம்: வெல்டிங் கோடு, இன்லெட் அவுட்லெட் சாக்கெட்டோட மரை, எலிமென்ட் மாட்டற வாயோட விளிம்பு. கூர்மையான விளிம்புல உருகின கண்ணாடி நிக்காது, மெலிசா ஓடிடும். மரைக்குள்ள பூசவே முடியாது. வெல்டிங்ல குண்டும் குழியுமா இருந்தா அங்க குமிழி வரும், ஊசி ஓட்டை வரும். அதாவது கண்ணாடி லைனிங் டேங்க்னு ஒண்ணு விக்கறாங்கன்னா அது 100 சதவீதம் மூடின டேங்க் கிடையாது, அப்படி யாராலும் பண்ண முடியாது, பண்றவங்களுக்கும் அது தெரியும்.

தெரிஞ்சதாலதான் உள்ள ஆனோடு ராடு வைக்கறாங்க, டேங்க்குக்கு பதிலா தான் கரையற ஒரு உலோகக் கம்பி, பெரும்பாலும் மெக்னீசியம். இந்தக் கீசர்ல அத வெளிய இழுத்தா விரல் தடிமன் இருக்க வேண்டிய ராடு இல்ல, நடுவுல இருக்கற இரும்புக் கம்பி மட்டும்தான் மிச்சம், அதுல அங்கங்க வெள்ளையா சுண்ணாம்பு ஒட்டிட்டு இருக்கு. டேங்க் செத்ததுக்கு இதுதான் காரணம், பூச்சு இல்ல. ராடு தீந்தது என்னைக்கோ, அதுக்கப்புறம் பூச்சு இல்லாத அந்த நாலு இடமும் காவல் இல்லாம கிடந்திருக்கு.

வேலை செய்ற விதம் எளிமைதான். ரெண்டு உலோகத்த தண்ணில போட்டு ஒண்ணோட ஒண்ணு தொட வச்சா, எலக்ட்ரான சுலபமா விடற உலோகம் கரையும், இன்னொண்ணு தப்பிக்கும். அந்த சுலபத்துக்கு வோல்ட்ல ஒரு அளவு இருக்கு, எவ்ளோ மைனஸோ அவ்ளோ சுலபம்: மெக்னீசியம் மைனஸ் 2.37 வோல்ட், அலுமினியம் மைனஸ் 1.66, ஜிங்க் மைனஸ் 0.76, இரும்பு மைனஸ் 0.44. மெக்னீசியம் அவ்ளோ கீழ இருக்கறதால இரும்புக்கு பதிலா அது தன்னைக் குடுத்துடும். ஹம்ப்ரி டேவி 1824லயே கப்பலோட செம்புத் தகட்டக் காப்பாத்த இரும்பும் ஜிங்க்கும் வச்சுப் பாத்தாரு, நம்ம கீசருக்குள்ள நடக்கறதும் அதேதான். கண்ணாடிப் பூச்சு இங்க என்ன பண்ணுதுன்னா, ராடு காப்பாத்த வேண்டிய பரப்ப சுருக்கிக் குடுக்குது. மொத்த டேங்க்கும் வெறும் இரும்பா இருந்தா அந்த ராடு கொஞ்ச நாள்ல காலி. பூச்சு கிட்டத்தட்ட முழுசா மூடிட்டதால மிச்சம் இருக்கற ஊசி ஓட்டைகளுக்கு மட்டும் காவல் காத்தா போதும், அதனாலதான் வருஷக்கணக்குல வருது. பூச்சும் ராடும் சேந்துதான் ஒரு லைனிங்னு நினைச்சுக்கங்க, தனித்தனியா ரெண்டுமே அரைகுறை.

இதே கீசர்ல இன்னொரு விஷயமும் கவனிச்சேன், எலிமென்ட் உறை செம்பு. செம்பு பிளஸ் 0.34. அது நேரா பிளேஞ்ச் வழியா டேங்க் இரும்பத் தொட்டுக்கிட்டு இருந்தா ராடு கரையறப்போ குடுக்கற சின்ன கரன்ட்ல பெரும் பங்க அதுதான் தின்னும், டேங்க்குக்கு மிச்சம்தான் போகும். நல்லா டிசைன் பண்ண கீசர்ல எலிமென்ட்ட பிளேஞ்சோட ஒட்டாம பிளாஸ்டிக் வாஷர் வச்சு, இடையில கரன்ட்டக் குறைக்கற ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பாங்க. இதுல அதெல்லாம் கிடையாது, மல்டிமீட்டர் வச்சா எலிமென்ட் உறைக்கும் டேங்க்குக்கும் நேரடி தொடர்பு. வாங்கும்போது இத யாரு பாக்கறா, லிட்டர், ஸ்டார், கலர் பாத்து வாங்கறோம்.

இப்ப பெர்ஃபார்மன்ஸ் கதைக்கு வரேன், ஏன்னா “கண்ணாடி லைனிங்னா சீக்கிரம் சூடாகும்”, “ஸ்டீல்தான் சூட்டைத் தாங்கும்”னு ரெண்டு பக்கமும் பேசறாங்க. எலக்ட்ரிக் கீசர்ல எலிமென்ட் தண்ணிக்குள்ளயே முங்கி கிடக்குது, சூடு சுவர் வழியா வரல, அப்புறம் சுவர்ல என்ன பூசினா என்ன. 25 லிட்டர் தண்ணிய 25ல இருந்து 60 டிகிரிக்கு ஏத்தணும்னா 25 பெருக்கல் 4.186 பெருக்கல் 35, சுமார் 3660 கிலோ ஜூல். ஒரு யூனிட் கரன்ட்டுங்கறது 3600 கிலோ ஜூல். ஆக ஒரு யூனிட்டுக்குத் துளி மேல, 2 கிலோவாட் எலிமென்ட்னா அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அது தங்க டேங்க்கா இருந்தாலும் அவ்ளோதான். சூடு வெளிய போறதத் தடுக்கறதுலயும் பூச்சுக்குப் பங்கு இல்ல. 0.3 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு பக்கம், 25 மில்லிமீட்டர் ஃபோம் இன்னொரு பக்கம், தடிமனையும் கடத்துதிறனையும் வச்சுக் கணக்குப் போட்டா ஃபோம் 3000 மடங்குக்கு மேல சூட்டைத் தடுக்குது. ராத்திரி சுட்ட தண்ணி காலைல ஆறிப் போகுதுன்னா ஃபோம்தான் காரணம், அதுவும் எங்கயோ ஊறி ஈரமாகிடுச்சுன்னா இன்னும் மோசம். கேஸ் ஹீட்டர்ல மட்டும் சூடு டேங்க் அடி வழியா வருது, அங்ககூட மெல்லிசு கண்ணாடியைவிட அது மேல படியற உப்புதான் பெரிய தடை.

பூச்சு பெர்ஃபார்மன்ஸ்ல எங்க வருதுன்னா மறைமுகமா, உப்புப் படிவு வழியா. கண்ணாடி வழவழப்பா இருக்கறதால சுண்ணாம்பு அதுல ஒட்டற பிடி கம்மி. அறுத்த டேங்க்ல இது கண் கூடாத் தெரிஞ்சுது, சுவர்ல இருந்த படிவு விரலால தள்ளினா தகடா கழண்டு விழுது, ஆனா துருக் கட்டி இருக்கற வெல்டிங் கோட்டுல கல்லா இறுகிக் கிடக்கு. கீழ சேந்த சகதியும் பொருக்கும் சேத்தா ரெண்டு கை நிறைய. அந்த அளவுக்கு தண்ணி குறையுதுங்கறது ஒரு பக்கம், கீழ மட்டத்துல சகதிக்குள்ள எலிமென்ட் புதைஞ்சா அந்த இடத்துல தண்ணி ஓட்டம் இல்லாம உறை அதிகமா சூடாகி வெடிக்கும், கீசர்ல காயில் போகறதுக்குப் பெரிய காரணமே இதுதான். பெரும்பாலான உப்பு தண்ணி சூடானா நல்லாக் கரையும், கால்சியம் கார்பனேட் உல்டா, சூடாக ஆகக் கரையாம வெளிய வந்து படியும். அதனால 75ல வச்சு ஓட்டற கீசர்ல 60ல ஓட்டறதவிட படிவு ரொம்ப ஜாஸ்தி. கண்ணாடியும் சுடுதண்ணில மெல்ல மெல்லக் கரையற பொருள்தான், சூடு ஏற ஏற கரையற வேகமும் ஏறும், 10 டிகிரிக்கு வேதிவினை வேகம் சுமாரா ரெண்டு மடங்குங்கற பழைய கணக்க வச்சுப் பாத்தா 75க்கும் 60க்கும் எவ்ளோ வித்தியாசம்னு புரியும்.

அடுத்தது ஸ்டெயின்லெஸ். அறுக்கறப்போவே வித்தியாசம் தெரியுது, தகடு ரொம்ப மெலிசு, சில்லு தெறிக்காது, உள்ள ராடும் இல்ல. ஸ்டெயின்லெஸ்ல தனியா பூச்சு எதுவும் கிடையாது, உலோகத்துல 10.5 சதவீதத்துக்கு மேல குரோமியம் இருந்தா காத்தும் தண்ணில கரைஞ்ச ஆக்சிஜனும் பட்டு மேல கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் தானா உருவாகும், கீறினா தானா மூடிக்கும். கண்ணாடியால இது முடியாது. கேக்கறதுக்கு அருமையா இருக்கா? எதிரி ஒண்ணு இருக்கு, குளோரைடு, அதாவது உப்புத் தண்ணி. படலத்த அங்கங்க குத்தி ஊசி ஓட்டையா இறங்கும், அதுவும் ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கற இடுக்குல ஆக்சிஜன் போய்ச் சேராததால படலம் திரும்ப உருவாகாது, அங்கதான் முதல்ல ஆரம்பிக்கும்.

இந்த டேங்க்லயும் சுவர் சுத்தம், பிரச்சன வெல்டிங் பக்கத்துல. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மஞ்சளும் ஊதாவும் கலந்த நிறம் பட்டை பட்டையா ஓடுது, வெல்டிங் சூட்டுல வர்ற கறை, அத ஆசிட்ல கழுவி எடுக்காமலே அனுப்பியிருக்காங்க. அந்தக் கறைக்கு அடியில குரோமியம் குறைஞ்சு போயிருக்கும். லென்ஸ் வச்சுப் பாத்தா கோட்டை ஒட்டி முடி மாதிரி விரிசல், கிளை கிளையா பிரிஞ்சு போகுது. விரிசலுக்குள்ள இறங்கற சிகப்புச் சாயமான டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே அடிச்சுத் துடைச்சு, அந்தச் சாயத்த வெளிய இழுக்கற டெவலப்பர் போட்டதும் சிகப்பா கிளையோட அப்படியே எழும்பி வந்துச்சு. குளோரைடும், சூடும், தகட்டுல இழுவிசையும் மூணும் சேந்தா 304 மாதிரி ஸ்டீல்ல வர்ற விரிசல் இப்படித்தான் இருக்கும், 60 டிகிரிக்கு மேல ஓட்டினா வாய்ப்பு இன்னும் கூடும். ஒரு நாள் ஒண்ணும் இல்லாம இருந்து அடுத்த நாள் ஊத்தும், துரு கிரு எதையும் முன்கூட்டிக் காட்டாது.

அதனால ஸ்டெயின்லெஸ்னு மட்டும் போட்டிருந்தா அது பதில் இல்ல, எந்த கிரேடுன்னு கேக்கணும். 304ல சுமார் 18 சதவீதம் குரோமியம் 8 சதவீதம் நிக்கல், 316ல கூடவே 2ல இருந்து 3 சதவீதம் மாலிப்டினம், அது குளோரைடுக்கு இன்னும் கொஞ்சம் ஈடு குடுக்கும். பேருக்குப் பின்னாடி எல் இருந்தா கார்பன் 0.03 சதவீதத்துக்குள்ள, வெல்டிங் பக்கத்துல குரோமியம் கார்பனோட போய்ச் சேராம இருக்க அது உதவும். 444னு ஒரு கிரேடு இருக்கு, நிக்கல் கிட்டத்தட்ட இல்ல, குரோமியமும் மாலிப்டினமும்தான், இந்தக் கிளை விரிசல் வர்ற சுபாவம் அதுக்கு ரொம்பக் கம்மி, சுடுதண்ணி டேங்க்குக்கு நல்ல தேர்வு. இதுல ஒரு வேடிக்கை, காந்தம் ஒட்டினா அது ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ் இல்லன்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு, 444ல காந்தம் பசை போட்ட மாதிரி ஒட்டும், 304ல பெரும்பாலும் ஒட்டாது. காந்தத்த வச்சு டேங்க்க செலக்ட் பண்ணா நல்லத ஒதுக்கிட்டுப் போயிடுவீங்க.

செம்பு டேங்க் அருமையாத்தான் இருக்கும், ஆனா அமிலத்தன்மை இருக்கற மென்னீர்ல (சுண்ணாம்பு கம்மியான தண்ணி) மெல்லக் கரையும், இப்ப சின்ன கீசர்ல அதிகம் இல்ல. பாலிமர் பூச்சு போட்டதும் வருது, துருவுக்கு நல்லது, ஆனா கண்ணாடி அளவுக்கு சூட்டையும் வருஷத்தையும் தாங்குமாங்கறது பிளாஸ்டிக்கோட ரகத்தப் பொறுத்தது. இரும்பு மேல ஜிங்க் பூசின கால்வனைஸ்டு டேங்க் சுடுதண்ணிக்கு வேண்டவே வேண்டாம், சில தண்ணில 60 டிகிரிய நெருங்கினா ஜிங்க்கும் இரும்பும் வேஷம் மாறி, காப்பாத்த வேண்டிய ஜிங்க்குக்கு பதிலா இரும்பு கரைய ஆரம்பிச்சுடும்.

இனி உயிரோட இருக்கற கீசர். போர்டுல கீசருக்கான எம்சிபி சுவிட்ச் ஆஃப், டெர்மினல்ல டெஸ்டர் வச்சு கரன்ட் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, இன்லெட்ட மூடி, தண்ணி ஆறினதுக்கப்புறம் கீழ வழியா வடிச்சேன். இன்லெட் பைப்ப கழட்டி வடிக்கறப்போ ஹாட் டேப்ப திறந்து வைங்க, காத்து உள்ள போனாதான் தண்ணி இறங்கும். கீசர ரொம்ப நாள் ஓட்டாம இருந்தா பக்கத்துல நெருப்பு ஏதும் இல்லாம பாத்துக்கங்க, மெக்னீசியம் கரையறப்போ ஹைட்ரஜன் வரும், மேல சேந்து நிக்கும், டேப் திறந்தா முதல்ல உஸ்னு வர்றது அதுவாக்கூட இருக்கலாம்.

பிளேஞ்ச் போல்ட்ட எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி வெளிய எடுத்தா, ராடோட தடிமன் பாதிக்குக் கீழ வந்திருக்கு, நடுவுல ஒரு இடத்துல கம்பி எட்டிப் பாக்குது. கம்பி தெரிஞ்சா மாத்தணும், அவ்ளோதான், மிச்சம் இருக்கற தடிமன நம்பி மூடக் கூடாது. எலிமென்ட்ல முட்டை ஓடு தடிமனுக்கு வெள்ளை.

டேங்க் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன், விளிம்புல லேசா பழுப்பு, கட்டி எதுவும் இல்ல. இங்க ஒரு ஆச வரும், இரும்புக் கம்பி, ஸ்கிராப்பர் வச்சு உள்ள சுரண்டணும்னு. வேண்டாம். சகதிய மரக்குச்சில துணி சுத்தி இழுத்தேன், தண்ணி விட்டுக் கலக்கி வடிச்சேன், போதும். ஆசிட் ஊத்தறவங்களும் இருக்காங்க. பாத்ரூம் கழுவற ஆசிட் ஹைட்ரோகுளோரிக், அது ஸ்டெயின்லெஸ்ஸுக்கு நேரடி விஷம், கண்ணாடி லைனிங்ல பூச்ச விட்டுட்டு பூச்சில்லாத வெல்டிங்க தேடிப் போய் கடிக்கும். எலிமென்ட்ட மட்டும் வெளிய எடுத்து வாளில சிட்ரிக் ஆசிட் கரைச்ச வெதுவெதுப்பான தண்ணில, டெர்மினல் நனையாம, முக்கி வச்சேன், நுரை அடங்கினதும் எடுத்து பிளாஸ்டிக் பிரஷ்ல தேச்சா பளிச். ராட அதே வாளில போட்டுடாதீங்க, மெக்னீசியம் ஆசிட்ல பொங்கிக் கரையும்.

புது ராடு மெக்னீசியமா அலுமினியமான்னு கொஞ்சம் யோசிச்சேன். உப்பும் கடினத்தன்மையும் ஜாஸ்தியான தண்ணில மெக்னீசியம் ரொம்ப வேகமா தீந்து போகும், அங்க அலுமினியம் நிதானமா ஓடும், ஆனா கீழ கொழகொழன்னு வெள்ளைச் சகதி விடும். மென்னீர்ல அலுமினியத்துக்கு கரன்ட்டத் தள்ற சக்தி பத்தாது, மெக்னீசியம்தான். ஆர்ஓ தண்ணிய கீசருக்கு விட்டா கரன்ட் ஓட உப்பே இல்லாததால எந்த ராடும் சரியா வேலை செய்யாது. தண்ணியோட கடினத்தன்மைய எடுக்கற சாஃப்ட்னர் போட்டா உப்புப் படிவு போகும், ஆனா அந்தத் தண்ணி கரன்ட்ட நல்லாக் கடத்தும், ராட அடிக்கடி பாக்கணும். எனக்கு வர்ற தண்ணி நடுத்தர ரகம், மெக்னீசியமே போட்டேன். சுடுதண்ணில அழுகின முட்டை நாத்தம் வந்திருந்தா வேற முடிவு எடுத்திருப்பேன், சல்ஃபேட்ட தின்னு அந்த நாத்தத்த விடற பாக்டீரியாவுக்கு மெக்னீசியம் ராடு தோது, அங்க அலுமினியம் ஜிங்க் கலப்பு ராடு இல்ல கரன்ட்ல ஓடற டைட்டானியம் ஆனோடு நல்லது.

மாட்டறப்போ நிறைய பேர் கோட்ட விடற இடம், ராடுக்கும் டேங்க்குக்கும் நடுவுல தொடர்பு. மரைல டெஃப்லான் டேப் சுத்தோ சுத்துன்னு சுத்தினா தண்ணி லீக் ஆகாது, ஆனா கரன்ட்டும் போகாமப் போக வாய்ப்பு இருக்கு, அப்போ ராடு சும்மா ஊறுகாய் மாதிரி உள்ள கிடக்கும். முடுக்கினதுக்கப்புறம் மல்டிமீட்டர் ஒரு முனைய ராடோட போல்ட்லயும் இன்னொண்ண பெயின்ட் இல்லாத டேங்க் இரும்புலயும் வச்சுப் பாத்தேன், ஒரு ஓம்ஸுக்கும் கீழ காட்டுச்சு, சரி. சில மாடல்ல ராட தனியா இன்சுலேட் பண்ணி ஒரு வயர் வழியா டேங்க்கோட இணைச்சிருப்பாங்க, அது ரொம்ப வசதி, தண்ணி நிறைஞ்சிருக்கும்போதே அந்த வயர கழட்டி இடையில மல்டிமீட்டர மில்லி ஆம்பியர்ல வச்சு ராடுல இன்னும் உயிர் இருக்கான்னு கழட்டாமலே பாத்துடலாம். அதுக்கும் எம்சிபி ஆஃப்ல இருக்கணும்.

கேஸ்கெட் புதுசு. போல்ட்ட எதிர் எதிரா, கொஞ்சம் கொஞ்சமா, ஒரே பக்கம் இறுக்கி பிளேஞ்ச் வாய வளைச்சா அந்த விளிம்புல இருக்கற கண்ணாடிதான் முதல்ல விரிசல் விடும், அதுதான் ஏற்கனவே மெலிஞ்ச இடம். தண்ணி நிரப்பி ஹாட் டேப்ல காத்து இல்லாம முழுசா ஒழுக்கு வந்ததுக்கப்புறம்தான் சுவிட்ச், வெறும் டேங்க்ல எலிமென்ட் எரிஞ்சா காயிலும் போகும், பக்கத்துல இருக்கற பூச்சும் பொரியும்.

தெர்மோஸ்டாட்ட 60ல வச்சிருக்கேன். பூச்சு, ராடு, படிவு எல்லாத்துக்கும் இன்னும் குறைச்சா நல்லதுதானேன்னு தோணும், ஆனா 20ல இருந்து 45 டிகிரி வரைக்கும் நுரையீரல்ல நோய் உண்டாக்கற லெஜியோனெல்லா பாக்டீரியா வளர வசதியான சூடு, தேக்கி வைக்கற தண்ணிய 60ல வைக்கச் சொல்றது அதுக்காகத்தான், அதனால அதுக்குக் கீழ இறக்கல.

சர்வீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் சூடாகற நேரத்தப் பாத்தேன். கிட்டத்தட்ட ஒண்ணுதான், அரை மணி நேரத்த ஒட்டி. எதிர்பாத்ததும் அதுதான், எலிமென்ட் மேல முட்டை ஓடு தடிமனுக்குப் படிவு இருந்தாலும் அது எரிக்கற வாட் மாறாது, அந்தச் சூட்டுக்குத் தண்ணியத் தவிர போக்கிடம் இல்ல, உறையோட சொந்தச் சூடு மட்டும்தான் ஏறும். ஆனா முன்னாடி ஆன் பண்ணினா உள்ள பொரியற மாதிரி சடசடன்னு ஒரு சத்தம் வரும், படிவுக்கு அடியில மாட்டின தண்ணி ஆவியாகி வெடிக்கற சத்தம் அது, இப்ப இல்ல. ராடு மாத்தின மாசம் வருஷத்த பிளேஞ்ச் மூடியில மார்க்கர்ல எழுதி ஒட்டியிருக்கேன், அடுத்த வருஷம் திறந்து பாக்கறப்போ இந்தத் தண்ணிக்கு இந்த ராடு எவ்ளோ கரையுதுன்னு தெரிஞ்சுடும்.